லொறிக்கு என்ன ஓயில், எப்போது மாற்றுவது?

நீண்ட காலமாக டீசல் எஞ்சின் திருத்துகிறேன். கேட்டவர்களுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

அண்ணை, என்னுடைய கன்டர் லொறி மருதனார்மடத்திலிருந்து தம்புள்ளைக்கு ஓடுகிறது. எந்த ஓயில் நல்லது? (சுன்னாகம்)

15டபிள்யூ-40 விடுங்கள் தம்பி. ஓயில் கானில் ஏபிஐ சிஐ-4 (API CI-4) என்ற தரக்குறி இருக்கிறதா பாருங்கள். முன்னுக்கு நிற்கும் 15 குளிர்நாட்டுக் காலைக்கான கணக்கு, எங்களுக்குப் பெரிதில்லை. பின்னுக்கு நிற்கும் 40தான் நூறு பாகைச் சூட்டில் ஓயிலின் தடிப்பைச் சொல்வது. மலிவாகக் கிடைக்கும் சிஎஃப்-4 (CF-4), 1990ஆம் ஆண்டுத் தரம். சிஐ-4 வந்தது 2002இல். பழைய எஞ்சினுக்குப் புதுத் தரம் விடலாம், புது எஞ்சினுக்குப் பழையது கூடாது.

ஓயில் மாற்ற ஒருவர் 5000 கிலோமீற்றர் என்கிறார், இன்னொருவர் 10,000 என்கிறார். நான் டிப்பரில் மணல் ஏற்றுகிறேன். (கிளிநொச்சி)

இரண்டு பேரும் மீற்றரை மட்டும் பார்க்கிறார்கள். ஏ9 வீதியில் ஒரே வேகத்தில் கொழும்புக்குப் போய் வரும் லொறியின் ஓயில் அவ்வளவு கெடாது. உங்கள் டிப்பர் வரிசையில் நின்று இயங்குகிறது, மணலில் முதல் கியரில் இழுக்கிறது, புழுதி குடிக்கிறது. மீற்றர் ஏறாது, ஓயில் தேயும். நின்று இயங்கும் ஒரு மணித்தியாலத்தை 40 கிலோமீற்றராக நான் எடுத்துக்கொள்வேன்.

டீசலும் ஒரு காரணம். சாதாரண ஓட்டோ டீசலில் சூப்பர் டீசலை விடக் கந்தகம் கூட. அது எரிந்து அமிலமாகி ஓயிலுக்குள் இறங்கும். அமிலத்தை அடக்கும் மருந்து ஓயிலில் இருக்கிறது, ஆனால் அது தீர்ந்துபோகும். தீர்ந்த பிறகு பெயாரிங்தான் அரிபடும். ஆகவே உங்கள் டிப்பரை 5000ஐத் தாண்ட விடமாட்டேன். நெடுந்தூர லொறி என்றால் கைநூலில் உள்ள எல்லை வரை போகலாம். ஓயில் பில்டரை ஒவ்வொரு முறையும் மாற்றுங்கள். காசு மிச்சம் பிடிக்கிற இடம் அதுவல்ல. காற்று பில்டரையும் அடிக்கடி கழற்றிப் பாருங்கள்.

மாற்றி இரண்டு நாளில் ஓயில் கறுத்துவிட்டது. ஏமாற்றிவிட்டார்களா? (நெல்லியடி)

இல்லை. டீசல் கரியைத் தனக்குள் பிடித்து வைப்பதுதான் ஓயிலின் வேலை. கறுப்புக்குப் பயப்படாதீர்கள். பால்தேநீர் நிறத்தில் வந்தால் தண்ணீர் கலக்கிறது, உடனே நிறுத்துங்கள். ஓயில் அளக்கும் கம்பியில் (டிப்ஸ்டிக்) மட்டம் கூடிக்கொண்டே போய் டீசல் மணமும் வந்தால் அதுவும் ஆபத்து.

ஜப்பானிலிருந்து வந்த லொறி, புகைக்குழாயில் கரியைப் பிடிக்கும் டிபிஎஃப் (DPF) வடிகட்டி இருக்கிறது. அதே ஓயில் போதுமா? (சாவகச்சேரி)

போதாது. கானில் டிஎச்-2 (DH-2) என்ற தரக்குறியைத் தேடுங்கள். சாதாரண ஓயிலில் இருந்து வரும் சாம்பல் டிபிஎஃப்பை அடைத்துவிடும். கரியை எரிக்கலாம், சாம்பலை எரிக்க முடியாது. டீசலும் சூப்பர்தான் அடிக்க வேண்டும்.

பழைய ஓயிலைக் கழற்றியதும் மண்ணெண்ணெய் ஊற்றிக் கழுவலாமா? (பருத்தித்துறை)

வேண்டாம். போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது மண்ணெண்ணெயில் கார் ஓட்டிய யாழ்ப்பாணம் இது, அந்தப் பழக்கம் எங்கள் கையை விட்டுப் போகவில்லை. ஆனால் அடியில் தங்கும் மண்ணெண்ணெய் புது ஓயிலை ஐதாக்கிவிடும். எஞ்சினைச் சூடாக்கிவிட்டு, கடைசிச் சொட்டு வரை வடியவிடுங்கள், அது போதும்.

கழிவு ஓயிலைக் கறையானுக்கு வேலிக் கட்டைகளில் பூசுகிறோம், பிழையா? (கோப்பாய்)

எங்கள் வீட்டிலும் பூசினோம் ஐயா, இப்போது விட்டுவிட்டோம். எங்கள் நிலத்தின் அடி சுண்ணாம்புக் கல். மேலே சிந்துவது கிணற்றுக்குப் போக அதிக நாள் எடுக்காது. சுன்னாகத்தில் கிணற்று நீரில் எண்ணெய் கண்ட துயரம் மறக்கக்கூடியதா? கானில் அடைத்து, கழிவு ஓயில் வாங்குபவர்களிடம் கொடுங்கள். புது ஓயில் வந்த வெற்றுக் கானை மட்டும் ஓட்டை போட்டு எறியுங்கள், போலி ஓயில் நிரப்புகிறவர்கள் அதைத்தான் தேடுகிறார்கள்.