இரும்பு ஸ்டோர் கொட்டேஷனில் வரும் பர்லின், பே, ஈவ், ஃப்ளை பிரேஸ் என்பதெல்லாம் என்ன?

நிலாவெளியில் வலையும் எஞ்சினும் வைக்க 40 அடிக்கு 60 அடி ஸ்டோர் போடப் போகிறீர்கள், கையில் வந்த கொட்டேஷனில் பாதிச் சொல் விளங்கவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். திருகோணமலையில் பல வருடமாக இந்தக் கட்டடங்களுக்குப் படம் கீறுகிறவன் நான். கையெழுத்து வைக்கமுன் கேட்டீர்களே, அது பெரிய விஷயம்.

பழைய ஓட்டு வீடு ஒன்றுக்குள் நின்று அண்ணாந்து பாருங்கள். கைமரம் சாய்ந்து முகட்டுக்கு ஏறும், அதற்குக் குறுக்கே சலாகை, சலாகையில் ஓடு. இங்கேயும் அதே அடுக்குத்தான். கைமரத்தின் இடத்தில் ராஃப்டர், சலாகையின் இடத்தில் பர்லின், ஓட்டுக்குப் பதில் சீட். முகடுதான் ரிட்ஜ், தாவாரம்தான் ஈவ், பீலிதான் கட்டர். பர்லின் மாதிரியே சுவரில் ஓடுவது கேர்ட். எதிரெதிர்த் தூண் இரண்டும் மேலே ராஃப்டரும் சேர்ந்தால் ஒரு ஃபிரேம். ஒரு ஃபிரேமிலிருந்து அடுத்ததுக்கு உள்ள தூரம் பே. உங்கள் 60 அடியை 20 அடியாகப் பிரித்தால் பே மூன்று, ஃபிரேம் நான்கு. விலை ஃபிரேம் கணக்கிலா பே கணக்கிலா என்று பாருங்கள்.

உயரத்தில் கவனம். கிண்ணியாவில் நான் பார்த்த ஒரு நெல் ஸ்டோருக்கு 'உயரம் 18 அடி' என்று மட்டும் எழுதியிருந்தார்கள். அது முகட்டு உயரம். 40 அடி அகலம், 10 பாகை சாய்வு என்றால் தாவாரத்துக்கு வரும்போது பதினாலரை அடிதான் மிஞ்சும். தூணும் ராஃப்டரும் சேரும் மூலையில் முக்கோணமாகத் தடித்து நிற்கும் ஹாஞ்ச் அதிலும் ஒரு துண்டைத் தின்றுவிட்டது. பக்கச் சுவரில் வைத்த கதவு 12 அடிக்கு மேல் போகவில்லை. லொறியை வெளியே நிறுத்தி, மாரி மழைக்குள் ஒவ்வொரு மூடையாகத் தோளில் சுமந்தார்கள். ஆகவே ஈவ் உயரம் எவ்வளவு, ஹாஞ்சுக்குக் கீழே எவ்வளவு என்று இரண்டையும் எழுதி வாங்குங்கள்.

நம்முடைய ஊரில் கட்டடத்துக்குப் பாரத்தைவிடக் காற்றுத்தான் சோதனை. கச்சானும் அடிக்கும், வாடையும் அடிக்கும். 2020 டிசம்பர் 2 இரவு புரெவிப் புயல் நமக்கு வடக்கேதான் கரை கடந்தது. ஒரு சதுர மீற்றர் சீட் ஐந்து கிலோவுக்குக் கிட்டத்தான் இருக்கும். மணிக்கு 100 கிலோமீற்றர் காற்றின் அழுத்தமோ அதே சதுர மீற்றருக்கு 48 கிலோ அளவுக்கு வரும், கூரையின் ஓரங்களில் இன்னும் கூட. அந்தக் காற்று இப்படிச் சாய்வு குறைந்த கூரையைப் பெரும்பாலும் அமுக்குவதில்லை, மேலே உறிஞ்சி இழுக்கிறது.

ஃப்ளை பிரேஸ் முக்கியமாக வேலை செய்வது அப்போதுதான். சாதாரண நாளில் ராஃப்டரின் நடுப்பகுதியில் மேல் பட்டை, அதாவது மேல் விளிம்பாக ஓடும் அகலத் தகடு, நெரிபடும். அதைப் பர்லின்கள் பிடித்திருக்கும். காற்று தூக்கும்போது நெரிபடுவது கீழ்ப் பட்டை. அதைப் பிடிக்க ஒன்றுமில்லாவிட்டால் பக்கவாட்டில் முறுகிவிடும். பர்லினிலிருந்து சரிவாக இறங்கி அந்தக் கீழ்ப் பட்டையைப் பிடிக்கும் கையளவு ஆங்கிள் துண்டுதான் ஃப்ளை பிரேஸ். பார்வைக்குச் சின்னதாக இருப்பதால் முதலில் வெட்டப்படுவதும் அதுதான். விடவே விடாதீர்கள். கூரையிலும் சுவரிலும் பெருக்கல் குறிபோல் போகும் பிரேசிங், தூணின் அடியில் பேஸ் பிளேட், அதைக் கொங்கிரீட்டோடு பிடிக்கும் ஹோல்டிங் டவுன் போல்ட் எல்லாம் இதே காற்றுக்கு எதிரானவை. சாக் ராட் என்பது பர்லின்கள் தொய்யாமல் ஒன்றையொன்று பிடிக்கும் கம்பி, அவ்வளவுதான்.

சீட்டுக்கு 0.47 என்று போட்டிருந்தால் பூச்சோடா, வெறும் இரும்பா என்று கேளுங்கள். பூச்சோடு 0.47 என்றால் உள்ளே இரும்பு 0.42 மில்லிமீற்றர் அளவில்தான் இருக்கும். ஏஇசட் 150 என்றால் சதுர மீற்றருக்கு இரண்டு பக்கமும் சேர்த்து 150 கிராம் அலுமினிய நாகப் பூச்சு.

அப்புறம், சீட்டைக் கூரைமேல் வைத்துக் கிரைண்டரால் வெட்ட விடாதீர்கள். பறக்கும் பொறிகள் பூச்சில் ஒட்டிக்கொள்ளும். நிலாவெளி உப்புக்காற்றில் சில நாளிலேயே புதுச் சீட்டில் ஊசிமுனை அளவில் மண்ணிறப் புள்ளிகள் கிளம்பும். கீழே வைத்து, கத்திரியாலோ, தகட்டைக் கடித்துக் கடித்து வெட்டும் நிப்ளராலோ வெட்டச் சொல்லுங்கள்.