நண்பர்களுக்குள் ஒரு மவுண்டன் பைக் பந்தயம்: பாதையைக் கடைசிவரை மறைத்து வைக்கலாமா?

"நண்பர்கள் பத்துப் பதினைந்து பேர், கட்டணம் கிடையாது, பாதை எதுவென்று ஓட்டுபவர்களுக்கே அன்று காலையில்தான் தெரியவேண்டும். இப்படி ஒரு பந்தயத்தை எப்படி ஒழுங்கு செய்வது, பாதையை மறைப்பதில் பிழை உண்டா" என்று கேட்டிருக்கிறீர்கள். பதில் எழுதாமல் விடத்தான் நினைத்தேன். ஆனால் பழைய புண்ணில் சரியாகக் கை வைத்துவிட்டீர்கள்.

நீங்கள் மூன்று பேர் என்று ஊகிக்கிறேன். ஒருவருக்குப் புதிதாகக் கியர் சைக்கிள் வந்திருக்கும். இன்னொருவர் வெளிநாட்டு வீடியோக்கள் பார்த்துவிட்டு நித்திரை இல்லாமல் திரிவார். மூன்றாமவர்தான் எல்லா வேலையையும் தலையில் போட்டுக்கொள்ளப் போகிறவர். கேள்வி கேட்டிருப்பது நீங்கள் என்பதால், அந்த மூன்றாமவர் நீங்களேதான்.

சுருக்கமான பதில்: மறைக்கலாம். ஓட்டுகிறவர்களுக்கு மறைக்கலாம், பார்க்க வருகிறவர்களுக்கும் மறைக்கலாம். அந்தப் பாதையில் ஆடு மேய்க்கிற மனிசிக்கு மறைக்கக் கூடாது. இனி நீட்டி எழுதுகிறேன், பொறுமை இருந்தால் வாசியுங்கள்.

முதலில், "யாழ்ப்பாணத்தில் ஏது மலை?" என்று கேட்க ஆள் வரும். தெரியும் ஐயா. எங்களிடம் இருக்கிற ஒரே மலை கீரிமலை, அதுவும் பெயரில் மட்டும். ஆனால் மவுண்டன் பைக் என்பது ரயரையும் தரையையும் பொறுத்த விசயம். மணல் மேட்டில் ஒருமுறை ஏறிப் பாருங்கள், பிறகு மலையைப் பற்றிக் கதைக்கலாம். இந்த விளையாட்டு பிறந்ததும் இப்படித்தான். 1976இல் கலிபோர்னியாவின் மரின் பகுதியில் சில நண்பர்கள் பழைய சைக்கிள்களைத் தூக்கிக்கொண்டுபோய், செங்குத்தான மண் தெருவில் யார் முதலில் கீழே வருவது என்று பந்தயம் வைத்தார்கள். கீழே வந்து சேரும்போது பின்சில்லு பிறேக்கின் கிறீஸ் எல்லாம் புகைந்து போயிருக்கும், கழற்றித் திரும்பக் கிறீஸ் அடைக்கவேண்டும். அதனாலேயே அந்தப் பாதைக்கு 'ரீபாக்', அதாவது திரும்ப அடைத்தல், என்று பெயர். இருபது வருடம் கழித்து, 1996 அட்லாண்டாவில், அது ஒலிம்பிக் விளையாட்டு. ஆகவே நாலு நண்பர்கள் சேர்ந்து ஓடுவதைச் சின்னப்பிள்ளை வேலை என்று யாரும் சொல்ல வரவேண்டாம்.

சரி, எங்கள் கதை. 2018 மாசி. நான் நல்லூர்ப் பக்கம். பாதை பார்த்தது வடமராட்சி கிழக்கில். மணற்காடு என்று நினைப்பீர்கள், அது இல்லை. மணற்காட்டில் வைத்தால், மணலில் பாதி புதைந்த பழைய அந்தோனியார் கோயிலுக்கு முன்னால் கலியாணப் படம் எடுக்க வருகிற வான்களைச் சுற்றியே ஓடவேண்டும். எங்களுடையது அதைவிட ஒதுக்கமான இடம். ஏழு கிலோமீட்டர். பனங்கூடலுக்குள் தொடங்கி, தரவைப் புல்வெளியைக் கடந்து, மணல் மேடுகளில் ஏறி, சவுக்கங்காட்டுக்குள்ளால் இறங்கி, கடைசி ஒன்றரைக் கிலோமீட்டர் கரையோர ஈரமணல். பாதை மூன்று பேருக்குத்தான் தெரியும். சொன்னால் ஒருவன் போய் முதலே ஓடிப் பழகிவிடுவான், இன்னொருவன் மோட்டார் சைக்கிளோடு வருவான் என்பதுதான் காரணம். கொஞ்சம் பெருமையும்தான், மறைக்கவில்லை.

பாதைக்கு அடையாளம் போட வேண்டுமே. பருத்தித்துறையில் சிவப்பு ரிபன் ஒரு சுருள் வாங்கி, முழ நீளத்தில் 64 துண்டு வெட்டினோம். முதல் நாள் பின்னேரம் நாலரைக்குத் தொடங்கினோம். வடலி மட்டையில், சவுக்கங் கொப்பில், மரம் இல்லாத இடத்தில் தடி ஊன்றி அதன் நுனியில். மங்கும் நேரம் முடித்துவிட்டு நின்று திரும்பிப் பார்த்தோம். மணல் மேட்டில் வரிசையாகத் தடிகள், ஒவ்வொன்றின் தலையிலும் சிவப்பு. போனில் படம்கூட எடுத்தேன்.

அந்தப் பக்கத்தவர்களுக்கு இந்த இடத்திலேயே விளங்கியிருக்கும். எங்களுக்கு விளங்கவில்லை.

நாகர்கோவில், கிளாலி, முகமாலை என்று போர்முனை வருடக்கணக்காக நின்ற இடங்களுக்குக் கிட்டத்தான் நாங்கள் நின்றது. அங்கே தலையில் சிவப்பு அடித்த தடி என்றால், அதற்கு அப்பால் மிதிவெடி இருக்கலாம், கால் வைக்காதே என்று அர்த்தம். மண்டையோட்டுப் பலகையும் சிவப்புத் தடியும் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் அவர்கள். மிதிவெடியைத் தடைசெய்யும் ஒட்டாவா உடன்படிக்கையில் இலங்கை சேர்ந்ததே 2017 மார்கழியில்தான், நாங்கள் ரிபன் கட்டியதற்கு இரண்டு மாதம் முன்னால். எங்கள் புத்திக்கு எட்டியதெல்லாம், மணலில் சிவப்பு எடுப்பாகத் தெரியும் என்பது மட்டும்.

அடுத்த நாள் விடிய ஐந்தரை. பதினாலு பேர், ஹெல்மெட், நெற்றியில் ரோச். ஒழுங்கை முகப்பில் முப்பது பேர் அளவில் நிற்கிறார்கள். இரவு யாரோ தடிகளைக் கண்டு விதானையாருக்கு, அதுதான் கிராம அலுவலருக்கு, சொல்ல, அவர் பொலிசுக்குச் சொல்ல, கோயில் ஒலிபெருக்கியில் "பிள்ளைகளை அந்தப் பக்கம் விடவேண்டாம்" என்று அறிவித்திருக்கிறார்கள். கரைவலைக்குப் போகிறவர்கள் இருட்டில் ஊரைச் சுற்றி நடந்து போயிருக்கிறார்கள். விறகுக்குப் போகிறவர்கள் போகவில்லை. நாங்களோ ஹெல்மெட்டும் வெளிச்சமுமாக வந்து நிற்கிறோம். முதலில் எங்களை வெடி அகற்ற வந்தவர்கள் என்று நினைத்து வழி விட்டார்கள். அதுதான் இன்றைக்கும் தாங்க முடியாத பகுதி.

அது நாங்கள் கட்டியது, சைக்கிள் பந்தயத்துக்கு என்று நான்தான் சொன்னேன். அடி விழும் என்று நினைத்தேன். ஒரு சத்தமும் இல்லை. ஒரு அம்மா, அறுபது அறுபத்தைந்து வயதிருக்கும், கையில் ஆடு கட்டுகிற கயிறு. என்னைப் பார்த்து, "ஏன் மோனை, உங்களுக்கு வேற நிறம் கிடைக்கேல்லையோ?" என்றார். திட்டினால்கூட மறந்திருப்பேன்.

பந்தயம் நடக்கவில்லை. பதினாலு பேரும் போய் ரிபன் அவிழ்த்தோம். 63 கிடைத்தது. ஒன்றைக் காணவில்லை. ஒன்றுதானே, காற்றில் போயிருக்கும் என்று என் மச்சான் சொல்ல, அந்த அம்மா ஆடுகளை அவிழ்க்க மாட்டேன் என்றுவிட்டார். வெயில் ஏறுகிறது, ஆடுகள் கத்துகின்றன. எட்டே முக்கால் அளவில் ஒரு சின்னப் பொடியன் கண்டுபிடித்தான். தடி சரிந்து, ரிபன் இராவணன் மீசைப் புல்லின் முள்ளுருண்டைக்குள் சிக்கி, சிவப்பு நுனி ஒரு அங்குலம்தான் வெளியே தெரிந்தது. அதை எடுத்து எண்ணிக் காட்டிய பிறகுதான் கயிறு அவிழ்ந்தது.

இங்கே ஒரு கூட்டம், "அனுமதி எடுத்திருந்தால் இந்தப் பிரச்சினை வந்திராதே" என்று வரும். அனுமதி எடுக்கவேண்டாம் என்று நான் சொல்லவில்லை, தயவுசெய்து அப்படி வாசிக்காதீர்கள். சவுக்கங்காடு என்றால் வனவளத் திணைக்களத்தைக் கேளுங்கள், தனியார் காணி என்றால் காணிக்காரரைக் கேளுங்கள். ஆனால் என் கையில் ஐந்து கந்தோர்களின் கடிதம் இருந்திருந்தாலும் அந்த இரவு சிவப்பு சிவப்பாகத்தானே இருந்திருக்கும்?

அடுத்த வருடம், 2019 மாசி, திரும்பப் போனோம். இந்த முறை இரண்டு சனிக்கிழமை தேத்தண்ணி குடிப்பதிலேயே போனது. விதானையார் வீடு, கடற்றொழிலாளர் சங்கத் தலைவர் வீடு, கோயிலடி, கடைசியாக ஆட்டுக்கார அம்மா வீடு. அடையாளத்துக்குப் பழைய நீலச் சாரம் இரண்டைக் கிழித்தோம். மேட்டில் ஒரு பள்ளத்துக்கால் போகவேண்டாம், அங்கே பங்குனியில் பாம்பு பொரிக்கும் என்றார் அம்மா. இது மாசிதானே அம்மா என்றேன். "பாம்புக்குக் கலண்டர் தெரியுமோ?" என்றார். பாதையை மாற்றினோம்.

இரகசியம் கெட்டதா? இல்லை. ஊருக்கு முழுக்கத் தெரியும், ஓட்டுபவர்களுக்குத் தெரியாது. எங்களில் ஒருவன் முதல் நாளே மோப்பம் பிடித்துப் போய், முகப்புக் கடையில் சோடா குடித்துக்கொண்டு மெல்ல விசாரித்திருக்கிறான். கடைக்கார ஐயா, "பந்தயமோ? இஞ்சை அப்படி ஒண்டும் இல்லை ராசா" என்று மிச்சக் காசைக் கொடுத்து அனுப்பிவிட்டார். அவருடைய மேசைக்குக் கீழேதான் எங்கள் நீலத் துணிப் பை இருந்தது.

நீங்கள் கேட்ட ஒழுங்கு விசயத்துக்கு வருகிறேன். எல்லாரையும் ஒன்றாக விடாதீர்கள், ஒற்றையடிப் பாதையில் முட்டுப்படும். ரீபாக்கில் செய்தது போல இரண்டு நிமிடத்துக்கு ஒருவராக விட்டு நேரத்தைக் குறியுங்கள். தொடக்கத்திலும் முடிவிலும் நிற்கிற இரண்டு மணிக்கூடும் ஒரே நேரம் காட்டுகிறதா என்று முதலே பாருங்கள். எங்களுக்கு நாற்பது விநாடி வித்தியாசம். அதை வைத்து இரண்டு பேர் இன்றுவரை கதைப்பதில்லை. மணலுக்குக் காற்றை இறக்கத்தான் வேண்டும், நான் 20 பிஎஸ்ஐ அளவில் வைத்தேன். ஆனால் அதே காற்றோடு கல்லில் ஏறினால் ரிம் ரியூப்பை நசித்து, பாம்பு கொத்தியது போல இரண்டு ஓட்டை போடும். நெருஞ்சி முள் வேறு. பதினாலு பேரில் ஐந்து பேருக்குக் காற்றுப் போனது, நாலு பேருக்குத் தரவையிலேயே. ஆடி ஆவணியில் வைக்காதீர்கள், சோளகக் காற்றுக்குப் பனம்பழம் விழும், ஹெல்மெட் போட்டாலும் நான் நிற்க மாட்டேன். மழைக்குப் பிறகு, தை மாசியில், மணல் கொஞ்சம் இறுகி இருக்கும்.

கடைசியாக ஒருவர் எல்லாருக்கும் பின்னால் வரவேண்டும், போன தலையை எண்ணி வந்த தலையையும் எண்ணவேண்டும். அதோடு, யாராவது விழுந்தால் 1990க்கு அடித்து இடம் சொல்ல வேண்டும் என்பதை யோசித்தீர்களா? பெயரில்லாத பாதைக்கு அம்புலன்ஸ் எப்படி வரும்? நாங்கள் பாதையை ஐந்து துண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் வாகனம் வரக்கூடிய கிட்டிய ஒழுங்கை எது, அங்கிருந்து மந்திகை ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம் என்று எழுதி, நின்ற எல்லாரிடமும் கொடுத்தோம். அந்தக் கடதாசிதான் உண்மையில் இரகசியம், ஓட்டுகிறவன் கண்ணில் படக்கூடாது.

முதலாவதாக வந்தவனுக்குப் பரிசு ஒரு குட்டான் பனங்கட்டி. வந்தது யார் தெரியுமா, எங்களில் அதிகம் செலவழித்துச் சைக்கிள் எடுத்தவன்தான். ஏழை ஒருவன் பழைய லுமாலா சைக்கிளில் வென்றான் என்று எழுதினால் உங்களுக்குப் பிடித்திருக்கும், அப்படி நடக்கவில்லை. லுமாலாவில் வந்த ஊர்ப் பொடியன் செயின் கழன்று ஒன்பதாவதாக வந்தான். ஆனால் ஈரமணலில் அலை திரும்பும் கோட்டோடு ஓடவேண்டும் என்று மற்றவர்களுக்குக் காட்டியது அவன்தான்.

ஒன்றைச் சொல்லாமல் போக முடியவில்லை. பொடியன் என்றேனே, அவன் ஒருவன்தான் இருபதுக்குக் கீழே. நகரப் பக்கத்தில் பதினாறு பதினேழு வயதில் ஒருவனையும் பிடிக்க முடியவில்லை. ஞாயிறு காலை ஆறரைக்கு ரியூசன், எட்டரைக்கு இன்னொன்று, பத்தரைக்கு இன்னொன்று. ஏழு நாளும் படித்துத்தான் பிள்ளை உருப்படவேண்டும் என்றால் பள்ளிக்கூடம் எதற்கு? என் அக்காவின் மகன், கால் இரண்டும் சைக்கிளுக்கென்றே செய்தது போல இருக்கும், பௌதிகவியல் மீட்டல் வகுப்பு என்று வரவில்லை. வகுப்பு வைக்கிறவர்களைக் குறை சொல்லவில்லை, அவர்களுக்கும் பிழைப்பு. பெற்றோரைத்தான் சொல்கிறேன், அக்கா இதை வாசித்தாலும் பரவாயில்லை. எங்கே விட்டேன்?

ஆம், 2020க்குப் பிறகு நாங்கள் வைக்கவில்லை. முதலில் கொரோனா, பிறகு 2022இல் பெற்றோல் இல்லாமல் ஊரே சைக்கிளுக்கு மாறியது, சைக்கிள் விலையும் எங்கோ போனது. மூன்று பேரில் இரண்டு பேர் இப்போது நாட்டில் இல்லை.

நீலத் துணி 64 துண்டும் தோய்த்து மடித்து வீட்டில் இருக்கிறது. வேண்டுமென்றால் தருகிறேன், எண்ணித் தருவேன், எண்ணித் திருப்பித் தரவேண்டும். இடத்தை மட்டும் கேட்காதீர்கள்.