அசிஸ்டென்ட்ஷிப் கிடைத்தாயிற்று, காப்பீடு?

கேள்வி: மேடம், என் மகளுக்கு அமெரிக்காவில் வேதியியல் பிஎச்.டி. இடம் கிடைத்திருக்கிறது. கல்விக் கட்டணம் கிடையாது, டீச்சிங் அசிஸ்டென்ட்ஷிப்பில் மாதச் சம்பளமும் உண்டு. ஆனால் மருத்துவக் காப்பீட்டுக்கு என்று வருடம் 3,000 டாலருக்கு மேல் பில் வந்திருக்கிறது. இங்கே ஒரு ஏஜென்ட் அதில் கால்வாசிக்கே பாலிசி தருகிறேன் என்கிறார். அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே வீசிங் உண்டு. எதை எடுப்பது?
- ஒரு தந்தை, கரூர்

பதில்: வீசிங் என்று எழுதியிருக்கிறீர்களே, அதற்காகவே சொல்கிறேன்: ஏஜென்ட் பாலிசி வேண்டாம், சார். அந்த மாதிரி மலிவு பாலிசிகளில் ஏற்கெனவே இருக்கும் நோய்க்குப் பெரும்பாலும் பணம் தர மாட்டார்கள். மொத்தமாக இவ்வளவுதான் என்று ஒரு வரம்பும் இருக்கும். காப்பீட்டு நிறுவனம் மூலமாகப் பல்கலைக்கழகம் தரும் திட்டம் பொதுவாக அஃபோர்டபிள் கேர் என்கிற அமெரிக்க மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்துக்குள் வரும். பழைய நோயைக் காட்டி அதில் மறுக்க முடியாது. பல்கலைக்கழகத் திட்டம் வேண்டாம் என்று விலக்கு கேட்டாலும், வெளிப் பாலிசி அதற்குச் சமமாக இருந்தால்தான் ஒப்புக்கொள்வார்கள். இல்லையென்றால் இரண்டுக்கும் பணம் கட்ட வேண்டிவரும்.

அந்த 3,000 டாலரை உடனே கட்டிவிடாதீர்கள். அசிஸ்டென்ட்ஷிப் மாணவர்களுக்குப் பல பல்கலைக்கழகங்கள் பிரீமியத்தை முழுதாகவோ பாதியாகவோ தாங்களே கட்டுகின்றன. நியமனம் கணினியில் ஏறுவதற்கு முன்பே பில் வந்திருக்கலாம். துறையின் கிராஜுவேட் கோஆர்டினேட்டருக்கு மகள் இன்றே ஒரு மெயில் போடட்டும். பிரீமியத்தில் துறையின் பங்கு எவ்வளவு, கோடை மாதங்களுக்கும் உண்டா, பின்னால் ஃபெலோஷிப்புக்கு மாறினால் தொடருமா, மீதியைச் சம்பளத்தில் மாதாமாதம் பிடித்துக்கொள்வார்களா என்று கேட்கட்டும். கட்ட வேண்டிய கடைசித் தேதியையும் அதிலேயே கேட்டுவிடலாம்.

நான் பிஎச்.டி. சேர்ந்த முதல் ஜனவரியில், லேப் வாசலில் பனிக்கட்டியில் வழுக்கி விழுந்தேன். மணிக்கட்டு வீங்கிவிட்டது. பயத்தில் நேரே எமர்ஜென்சிக்குப் போய்விட்டேன். மூன்று வாரம் கழித்து வந்த கவரில் நாலாயிரத்துச் சொச்சம் டாலர் என்றிருந்தது. என் மாதச் சம்பளமே 1,700. இரண்டு இரவு தூக்கமில்லை. அறைத்தோழிதான் தாளின் மேல் ஓரத்தில் விரல் வைத்துக் காட்டினாள்: 'திஸ் இஸ் நாட் எ பில்'. அது காப்பீட்டு நிறுவனம் அனுப்பிய கணக்கு விவரம். ஆஸ்பத்திரி கேட்டதை அவர்கள் 2,000-ஆகக் குறைத்திருந்தார்கள். அதில் முதல் 300 என் பொறுப்பு, அதுதான் டிடக்டிபிள். மீதி 1,700-ல் 20 சதவீதமும் என் பங்கு, அது 340. ஆக 640 டாலர். ஆஸ்பத்திரி பில்லிங் ஆபீஸில் கேட்டதும் வட்டியில்லாமல் எட்டு மாதத் தவணை கொடுத்தார்கள். மறுநாள் காலை கேம்பஸ் ஹெல்த் சென்டருக்குப் போயிருந்தால் 20 டாலரில் முடிந்திருக்கும்.

இதைப் படித்துவிட்டு மூச்சுத் திணறலுக்கும் உங்கள் மகள் கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. இன்ஹேலருக்கு அடங்கவில்லையென்றால் உடனே அங்கத்திய அவசர எண் 911-ஐக் கூப்பிட வேண்டும். எமர்ஜென்சியில் பணத்தைக் காரணம் காட்டிப் பரிசோதனையைத் தள்ளிப்போட முடியாது, 1986-லிருந்தே சட்டம் இருக்கிறது.

அப்புறம், இங்கே இன்ஹேலரில் வரும் சால்பியூட்டமால் என்கிற மருந்துக்கு அங்கே அல்பியூட்டரால் என்று பெயர். டாக்டர் சீட்டில் இரண்டு பெயரையும் எழுதி வாங்குங்கள். போனதும் ஹெல்த் சென்டரில் ஒருமுறை காட்டிப் பதிந்துவிட்டால் இன்ஹேலர் தீரும்போது அலைய வேண்டாம்.

கேள்வி: மனைவிக்கு ஃபெலோஷிப். நான் மாணவரின் துணைக்குத் தரும் எஃப்-2 விசாவில் அமெரிக்கா போகிறேன். எனக்கும் காப்பீடு உண்டா?
- வாசகர், தஞ்சாவூர்

பதில்: மனைவியின் பல்கலைக்கழகத் திட்டத்தில் பொதுவாக நீங்களும் சேரலாம். ஆனால் உங்கள் பிரீமியம் பெரும்பாலும் உங்கள் கைக்காசுதான். எஃப்-2-வில் வேலைக்கும் போக முடியாது, அதனால் அந்தத் தொகையை இப்போதே பட்ஜெட்டில் எழுதிவிடுங்கள். இறங்கியதிலிருந்து வழக்கமாக 30 நாள்தான் அவகாசம் இருக்கும், தவறினால் அடுத்த சேர்க்கை வரை காத்திருக்க நேரும். பெரியவர்களுக்குப் பல் வைத்தியம் இந்தத் திட்டங்களில் அநேகமாகத் தனி. சொத்தைப் பல் இருந்தால் தஞ்சாவூரிலேயே பார்த்துவிட்டு விமானம் ஏறுங்கள்.