செட்டிநாட்டுப் பக்கம் தனியாக வருகிறேன். 130 டெசிபல் அலாரம் வாங்கலாமா, 140 டெசிபலா?

கோயம்புத்தூரிலிருந்து மூன்று நாள் தனியாக வந்து கானாடுகாத்தான், ஆத்தங்குடி, காரைக்குடி வீடுகளைப் படமெடுக்கப் போவதாகவும், பையில் மாட்டிக்கொள்ளும் பாதுகாப்பு அலாரங்களில் 130 நல்லதா 140 நல்லதா என்றும் கேட்டிருக்கிறீர்கள். நான் இந்தப் பக்கத்துக்காரி. மாதத்துக்கு இரண்டு முறையாவது விடிவதற்கு முன் பல்லவன் ரயிலைப் பிடிக்க ஸ்டேஷனுக்குத் தனியாகப் போகிறவள். ஐந்து வருடத்தில் மூன்று அலாரம் மாற்றியிருக்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: அட்டைப்பெட்டியில் போட்டிருக்கும் டெசிபல் எண்ணைப் பார்த்து வாங்காதீர்கள்.

எந்தத் தூரத்தில் வைத்து அளந்தார்கள் என்பதைப் பெரும்பாலான பெட்டிகளில் போடுவதே இல்லை. திறந்த வெளியில் தூரம் இரண்டு மடங்கானால் ஒலி 6 டெசிபல் குறையும்; பத்து மடங்கானால் 20 குறையும். அந்தக் கணக்கில் 10 சென்டிமீட்டரில் அளந்த 140ம், 30 சென்டிமீட்டரில் அளந்த 130ம் ஏறத்தாழ ஒரே அலாரம்தான். 10 சென்டிமீட்டரில் 130 என்றே வைத்துக்கொண்டால், ஒரு மீட்டரில் 110, பத்து மீட்டரில் 90, நூறு மீட்டரில் 70. இருவர் எதிரெதிரே நின்று பேசுவது 60 என்பார்கள். ஆக, அமைதியான தெருவில் நூறு மீட்டருக்கு அப்பால் இருப்பவர் காதிலும் விழ வேண்டும். காகிதத்தில் போடும் கணக்கு இது. எங்கள் ஊர் வீடுகள் காகிதம் இல்லையே.

முதல் அலாரம் வாங்கிய அன்றே வீட்டில் ஒரு சோதனை செய்தேன். செட்டிநாட்டு வீடு எப்படி இருக்கும் என்று நீங்கள் படத்தில் பார்த்திருப்பீர்கள். முகப்பு ஒரு தெருவில் இருக்கும், பின்வாசல் அடுத்த தெருவில் திறக்கும். நடுவில் முற்றத்தைச் சுற்றிய வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி இருக்கும் மூன்றாங்கட்டு. அப்பத்தாவை மூன்றாங்கட்டில் உட்காரவைத்துவிட்டு, முகப்புத் திண்ணையில் நின்று அலாரத்தில் செருகியிருக்கும் பின்னை உருவினேன்; உருவினால் கத்தும் வகை அது. என் காது அடைத்துப்போனது. எதிர்வீட்டுக் கதவு திறக்கவில்லை. அது திறந்து அப்போதே நாலு வருடம் ஆகியிருந்தது என்பது வேறு கதை. பின்னைத் திரும்பச் செருகிவிட்டு உள்ளே ஓடி, "கேட்டதா அப்பத்தா?" என்றேன். "என்ன கேட்டது? சில்வண்டுதான் கத்தியது. மழை வரும் போலிருக்கிறது ஆத்தா" என்றார்.

சிரித்தேன். பிறகு யோசித்தபோது சிரிப்பு வரவில்லை. இந்த அலாரங்களுக்குள் இருப்பது பீசோ என்கிற சிறிய தகடு. அது எழுப்புவது கீச்சென்ற உயர்ந்த சுருதி. மனிதக் காது அந்தச் சுருதியை நன்றாகப் பிடிக்கும் என்பதால்தான் அப்படிச் செய்கிறார்கள். ஆனால் வயதாகும்போது காது முதலில் இழப்பதும் உயர்ந்த சுருதிகளைத்தான். எங்கள் ஊர்களில் பாதி வீடு பூட்டிக் கிடக்கிறது. பிள்ளைகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறார்கள். பூட்டாத வீட்டில் இருப்பவர்கள் பெரும்பாலும் என் அப்பத்தா வயதுக்காரர்கள். அவர்களுக்கும் தெருவுக்கும் இடையில் கனத்த சுவரும் தேக்குக் கதவும் நிற்கின்றன. உங்கள் அலாரம் கத்தினால் கேட்க வேண்டியவர்கள் இவர்கள்தான். அதனால் ஒரே சீராகக் கீச்சிடுவதைவிட, ஆம்புலன்ஸ் போல ஏறி இறங்கும் ஒலி உள்ளதை வாங்குங்கள். ஒரே சுருதியில் நிற்கும் ஒலியை மனம் விரைவில் ஒதுக்கிவிடும். ஏறி இறங்குவதை அவ்வளவு எளிதில் ஒதுக்க முடியாது.

அடுத்து பொத்தானா, பின்னா என்ற கேள்வி. பொத்தானை அழுத்தினால் கத்துவதும், இன்னொரு முறை அழுத்தினால் நிற்பதும் வேண்டாம்; பிடுங்கிக்கொள்பவனுக்கும் அதே பொத்தான்தான். பின்னை உருவினால் கத்தும் வகையில், பின் உங்கள் கையில் இருக்கும்வரை ஒலி நிற்காது. பின்னைக் கையில் வைத்துக்கொண்டு அலாரத்தைத் தூர எறிந்துவிட்டு எதிர்ப்பக்கம் ஓடலாம். அவன் அதைத் தேடிப் போவானா உங்களைத் துரத்துவானா என்று தடுமாறும் சில நொடிகள்தான் இந்தச் சாதனம் நமக்கு வாங்கித் தருவது.

பின்னுக்கும் ஒரு கெட்ட குணம் உண்டு. அதை நான் ஒரு பஸ் நிறைய ஆட்களுக்கு முன்னால் கற்றுக்கொண்டேன். காரைக்குடியிலிருந்து புதுக்கோட்டைக்கு நின்றுகொண்டே போன பயணம் அது. அலாரம் தோள்பையின் வெளிப்பக்கம் தொங்கியது. திருமயத்தில் ஒரு ஆச்சி வயர்கூடையோடு என்னை உரசிக்கொண்டு இறங்கினார். கூடைப் பின்னலில் என் அலாரத்தின் நாடா மாட்டி, பின் உருவிக்கொண்டு அவரோடு இறங்கிவிட்டது. அலாரம் என்னோடு பஸ்ஸில் இருந்துவிட்டது. பிறகு நடந்ததைச் சொல்ல வேண்டுமா? ஓட்டுநர் பிரேக் போட்டார். குழந்தைகள் அழுதன. நடத்துனர், "அம்மா, அது என்ன எழவோ, முதலில் நிறுத்துங்கள்" என்றார். பின் இல்லாமல் நிறுத்த முடியாது. பேட்டரி மூடியைத் திறக்கலாம் என்றால் அரிசி அளவில் ஒரு திருகாணி. அதற்கேற்ற திருப்புளி யாரிடம் இருக்கும்? துண்டில் சுற்றி, அதைப் பைக்குள் திணித்து, பையை மடியில் வைத்து அதன்மேல் கவிழ்ந்தபடி இருபது கிலோமீட்டர் போனேன். புதுக்கோட்டையில் கைக்கடிகாரக் கடைக்காரர் ஒரு கம்பியை வளைத்துச் செருகி அதை அடக்கினார். காசு வாங்கவில்லை. பாவப்பட்டிருக்க வேண்டும்.

அந்த அரை மணி நேரத்தில் அவமானத்தை மீறி ஒன்று உறைத்தது. பஸ்ஸில் இருந்த அத்தனை பேரில் ஒருவர்கூட "உனக்கு என்ன ஆயிற்று?" என்று கேட்கவில்லை. "அது என்ன?" என்றுதான் கேட்டார்கள். அந்த ஒலி ஒரு பெண் உதவி கேட்பதாக யாருக்கும் படவில்லை. நிறுத்தி வைத்த பைக்கில் பூனை ஏறினால் வருமே, அந்தச் சத்தமாகத்தான் பட்டது. அதனால் அலாரத்தோடு வாயும் வேலை செய்ய வேண்டும். பொதுவாக "காப்பாற்றுங்கள்" என்பதைவிட, "நீலச் சட்டை அண்ணே, இங்கே வாங்க" என்று ஒருவரைக் குறிப்பிட்டுக் கூப்பிட்டால் அவரால் கேட்காததுபோல் போக முடியாது.

இப்போது என்னிடம் இருக்கும் அலாரத்தில் பின்னின் நாடா குட்டை, வளையமாகத் தொங்காது. பையின் அடியிலோ சாவிக்கொத்திலோ மாட்டுவதில்லை. இடது தோள்பட்டையில், பையின் வாரோடு ஒட்டி, வலது கை நேராகப் போய்ப் பிடிக்கும் இடத்தில் மாட்டியிருக்கிறேன். நீங்கள் கேமரா வேறு கொண்டுவருகிறீர்கள். கழுத்தில் கேமரா வார், தோளில் பை வார், இடையில் துப்பட்டா என்றால் அவசரத்தில் எதை இழுப்பது என்று கைக்குத் தெரியாது. வீட்டிலேயே எல்லாவற்றையும் மாட்டிக்கொண்டு, கண்ணை மூடி நாலைந்து முறை தொட்டுப் பாருங்கள். மாற்றுப் பின் ஒன்று கூடவே வந்தால் விடாதீர்கள். என் கதைதான் காரணம்.

பேட்டரியைப் பொறுத்தவரை, எல்.ஆர்.44 என்ற வாட்ச் பேட்டரி மூன்று போடும் வகை எனக்குப் பிடிக்கும். சின்ன ஊர்க் கடையிலும் கிடைக்கிறது. சார்ஜ் செய்யும் வகை மலிவாகப் படலாம், ஆனால் சார்ஜ் போட மறந்தால் வெறும் பொம்மை. விமானத்தில் போகிறவர்கள் சார்ஜ் வகையைக் கைப்பையில் வைத்துக்கொள்வது நல்லது. திருச்சியிலிருந்து கோலாலம்பூர் போகும் என் அத்தை மிளகுத் தூவியை (பெப்பர் ஸ்ப்ரே) பாதுகாப்புச் சோதனையில் பறிகொடுத்துவிட்டு வந்து இந்த அலாரத்துக்கு மாறினார். வீட்டில் குழந்தை இருந்தால் கழற்றிய வாட்ச் பேட்டரியைக் கண்ட இடத்தில் போடாதீர்கள், விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. சோதிக்கும்போது கையை நீட்டி, காதுக்குத் தள்ளிப் பிடியுங்கள். அந்த ஒலி காதுக்குக் கெடுதல்தான்.

மின்னும் விளக்கு உள்ளது தேவையா என்றால், நான் வேண்டும் என்பேன், வேறு காரணத்துக்காக. தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்கும் எங்கள் ஊர்க்காரர்கள் வெயிலுக்கு முன் தூரத்தைக் கடக்க இருட்டிலேயே கிளம்புவார்கள். அப்போது பயம் மனிதர்களைவிட லாரியிடம்தான் அதிகம். முதுகுப்பையில் மின்னும் விளக்கு அங்கே நிஜமாகவே உதவும். நீங்கள் அதிகாலை வெளிச்சத்துக்காகச் சாலையோரம் நடப்பீர்கள் என்றால் உங்களுக்கும் உதவும்.

கதவடியில் வைக்கும் ஆப்பு அலாரத்தையும் கேட்டிருந்தீர்கள். பழைய வீட்டு விடுதியில் தங்குவதானால் வாங்காதீர்கள். அது கதவுக்கும் தரைக்கும் இடையில் இறுகி நிற்க வேண்டிய பொருள். இங்கே நிலைப்படி உயரம், கதவு இரட்டை, தரையில் கண்ணாடிமேல் வார்த்த ஆத்தங்குடிக் கல். ஆப்பு வழுக்கிக்கொண்டு போகும். அந்தக் கதவுகளின் உள்தாழ்ப்பாளே போதும். மனம் ஆறவில்லை என்றால், பின் அலாரத்தின் உடலை இரட்டைக் கதவின் ஒரு பக்கத்துக் கைப்பிடியிலும், நாடாவை மறுபக்கத்துக் கைப்பிடியிலும் இறுக்கிக் கட்டிவிட்டுத் தூங்குங்கள். யார் கதவைத் தள்ளித் திறந்தாலும் பின் உருவிக்கொள்ளும். காலையில் காபி கொண்டுவருபவரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள், அவர் என்ன பாவம் செய்தார்?

அலாரம் யாருக்கும் போன் செய்யாது. போனில் அவசர உதவி எண் 112ஐத் தயாராக வைத்திருங்கள். ரயிலில் என்றால் 139. சாதாரணப் பொத்தான் போனில் 5 அல்லது 9ஐ அழுத்திப் பிடித்தாலும், ஸ்மார்ட் போனில் பவர் பொத்தானை மூன்று முறையோ ஐந்து முறையோ தட்டினாலும் அவசர அழைப்பு போகும். உங்கள் போனில் எப்படி என்பதை ஊரிலேயே பார்த்து வையுங்கள். கானாடுகாத்தானில் மதியம் இரண்டு மணித் தெருவும் இரவு எட்டு மணித் தெருவும் ஒன்றுபோல வெறிச்சோடித்தான் இருக்கும். வந்து இறங்கியதும் டீக்கடையில் ஒரு டீ குடித்து, எந்தத் தெருவில் படம் எடுக்கப் போகிறீர்கள் என்று சொல்லிவிட்டுப் போங்கள். பூட்டிய வீடுகளைப் பார்த்துக்கொள்ளும் குடும்பங்கள் எங்கே இருக்கின்றன என்று அவர்களுக்குத் தெரியும். அலாரத்தைக் கேட்டு ஓடிவரக்கூடிய, காது நன்றாக இருக்கும் ஆட்கள் அவர்கள்தான்.

வாங்கி வந்ததும் பேட்டரிக்கு நடுவில் இருக்கும் பிளாஸ்டிக் பட்டையை உருவிவிடுங்கள். என் தங்கை அதை உருவாமலே ஆறு மாதம் சென்னை முழுக்கத் தைரியமாகச் சுற்றியிருக்கிறாள்.