பூமிக்கு ஆறாயிரம் ஆண்டுதான் வயது என்று நம்பும் கிறிஸ்தவர் காலநிலை மாற்றத்தை ஏற்க முடியுமா? விதைப்பும் அறுப்பும் ஒழியாது என்று வாக்குக் கொடுக்கும் ஆதியாகமம் 8:22 அதை மறுக்கவில்லையா?

தாராளமாக ஏற்கலாம். ஆறு நாள் படைப்பை எழுத்துப்படி நம்புகிறவர் அதற்காக எதையும் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. மனிதரால்தான் வெப்பம் கூடுகிறது என்பதற்கான முக்கியச் சான்றுகள் எல்லாம் கடந்த இருநூறு ஆண்டுகளுக்குள் அளந்தவை. பூமியின் வயது பற்றிய வழக்கு அங்கே எழுவதே இல்லை.

ஹவாயின் மௌனா லோவாவில் 1958 முதல், வெப்பத்தைப் பிடித்துவைக்கும் கரியமில வாயுவை நேரடியாக அளக்கிறார்கள். அன்று காற்றில் பத்து லட்சத்துக்கு 315 பங்கு. இன்று 420-ஐத் தாண்டிவிட்டது. கூடுதல் எங்கிருந்து வந்தது என்பதும் தெரியும். கார்பனில் எடை வேறுபட்ட வகைகள் உண்டு. தாவரங்கள் கார்பன்-13ஐவிட லேசான கார்பன்-12ஐ அதிகமாக எடுத்துக்கொள்ளும். அவற்றிலிருந்து உண்டான நிலக்கரியிலும் அதனால் 13 குறைவு. அதை எரிக்க எரிக்க, காற்றிலும் 13-இன் விகிதம் இறங்கிக்கொண்டே வருகிறது. எரிமலை வாயு காரணமாக இருந்தால் இப்படி இறங்காது. நிலக்கரி ஜலப்பிரளயத்தில் புதைந்த காடு என்று படைப்புவாதிகள் சொல்கிறார்கள், பல கோடி ஆண்டுப் பழசு என்று புவியியலாளர்கள் சொல்கிறார்கள். எப்படிப் பார்த்தாலும் மூலம் தாவரம்தான், கணக்கு மாறாது.

சூரியன்மேல் பழி போடுகிறவர்களுக்கும் அளவீடே பதில். சூரியன் காரணமானால் காற்று மண்டலத்தின் மேலடுக்கான ஸ்ட்ராடோஸ்பியரும் சூடாகியிருக்க வேண்டும், அது குளிர்ந்திருக்கிறது.

வயது குறுக்கே வருவது பனிப்பாள ஆய்வில்தான். அண்டார்டிகாவின் டோம் சி-யில் துளைத்தெடுத்த பனியில் 8 லட்சம் ஆண்டுக் காலநிலைப் பதிவு இருப்பதாக விஞ்ஞானிகள் கணிக்கிறார்கள். இளம்பூமிக் கொள்கையினர் இதை ஏற்பதில்லை. அவர்களில் மைக்கேல் ஓர்ட் என்ற வானிலையாளர், பிரளயத்துக்குப் பின் ஒரே ஒரு பனியுகம் வந்தது என்கிறார்: வெதுவெதுப்பான கடலும் எரிமலைத் தூசியும் சேர்ந்து சுமார் 500 ஆண்டில் பனி பெருகியது, அடுத்த 200 ஆண்டில் பெரும்பகுதி உருகியது. அதை நம்புகிறவர் ஒன்றை யோசிக்க வேண்டும். கண்டங்களை மூடிய பனி எழுநூறு ஆண்டில் வந்துபோயிருந்தால், காலநிலை வெகு சீக்கிரம் புரளக்கூடியது என்றுதானே ஆகிறது? 'அதெல்லாம் அவ்வளவு எளிதில் மாறாது' என்ற வாதம் அவர் வாயிலிருந்து வரவே கூடாது.

இனி வசனத்துக்கு வருவோம். "விதைப்பும் அறுப்பும், சீதளமும் உஷ்ணமும்" ஒழியாது என்பதுதான் கர்த்தர் கொடுத்த வாக்கு. ஒவ்வொரு வருஷமும் விளைச்சல் கிடைக்கும் என்று அங்கே எழுதவில்லை. அதே ஆதியாகமத்தில், அந்த வாக்குக்குப் பிறகுதான், ஆபிரகாம் காலத்தில் பஞ்சம் வருகிறது (12:10). 41-ஆம் அதிகாரத்தில் ஏழு வருஷப் பஞ்சம் வருகிறது. யோசேப்பு வாக்குத்தத்தத்தைச் சொல்லிச் சும்மா உட்காரவில்லை. ஐந்தில் ஒரு பங்கை முன்கூட்டியே சேர்த்து வைத்தார். 9:11-இன் வாக்கும் பூமி முழுவதையும் அழிக்கும் பிரளயம் பற்றியது. கடல் ஏறி ஒரு கரையோர ஊர் மூழ்குவதை அது தடுப்பதாக எங்கும் இல்லை.

"பூமி எப்படியும் எரிந்துபோகும்" என்று 2 பேதுரு 3:10-ஐக் காட்டுகிறவர்களிடம் வெளிப்படுத்தல் 11:18-ஐ வாசிக்கச் சொல்லுங்கள். பூமியைக் கெடுத்தவர்களுக்கு அங்கே நியாயத்தீர்ப்பு இருக்கிறது.

வேதபாட வகுப்பில் இதைப் பேசப் போனால் பனிப்பாளத்திலிருந்து தொடங்காதீர்கள். பேச்சு வயதுச் சண்டையாகி அங்கேயே நின்றுவிடும். முதலில் ஆதியாகமம் 2:15-இன் "பண்படுத்தவும் காக்கவும்", அடுத்து 1958 முதலான அளவீடு, அதன்பின் கார்பன்-13. எரிபொருள் விலை ஏறினால் ஏழைகள் என்ன செய்வார்கள் என்று கார்ன்வால் அலையன்ஸ் போன்ற கிறிஸ்தவ அமைப்புகள் கேட்பது நியாயமான கேள்வி, அதற்கு நேரம் ஒதுக்குங்கள். ஆனால் அது என்ன செய்யலாம் என்பதைப் பற்றிய கேள்வி. வெப்பமானியின் அளவை அது மாற்றாது.