பதில்: பாலக்கோட்டில் பள்ளிச் சுவரில் படம் வெளிறித் தெரிகிறது

வணக்கம். 5,000 லூமன் (ஒளியின் அளவு) புரொஜெக்டரை வைத்து 40 அடி அகலம், 25 அடி உயரச் சுவர் முழுவதும் குழந்தைத் திருமண எதிர்ப்புக் காட்சியை மாலை 6.30 மணிக்கு ஓட்டிப் பார்த்ததாகவும், படம் வெளிறியதோடு ஜன்னல்கள் மேல் விழும் முகங்கள் உடைந்து தெரிந்ததாகவும் எழுதியிருந்தீர்கள். கருவியில் பழுதில்லை. அவ்வளவு பரப்பில் ஒளியைப் பரப்பினால் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 54 லூமன்தான் விழும். பக்கத்துத் தெருவிளக்கே அதை அடித்துவிடும். அகலத்தை 20 அடியாகக் குறையுங்கள், உயரமும் பாதியாகி வெளிச்சம் நான்கு மடங்காகும்.

கோடையில் நம் பக்கம் 6.30 மணிக்குச் சூரியனே முழுதாக மறைவதில்லை. 7.30 மணிக்குத் தொடங்குங்கள். சுவரருகே இருக்கும் விளக்கை மட்டும் அணைக்கப் பேரூராட்சியிடம் கேளுங்கள்.

ஜன்னல்களில் முகம் உடைவதற்கு வழி இருக்கிறது. புரொஜெக்டரை நிலையாக நிறுத்தி, லென்ஸ் இருக்கும் இடத்திலிருந்தே சுவரைப் படமெடுங்கள். அந்தப் படத்தின் மேல் ஜன்னல், தூண், வளைவுகளை வரைந்து, வேண்டாத இடங்களைக் கறுப்பாக்குங்கள். கறுப்பு இருக்கும் இடத்தில் படம் விழாது. மேட்மேப்பர் போன்ற மென்பொருளில் படத்தின் மூலைகளை இழுத்துச் சுவரோடு பொருத்தலாம். அதன்பின் மேசையை யாரும் தொடக்கூடாது. ஒரு விரற்கடை நகர்ந்தாலும் எல்லாம் கலையும்.

நீளமான வாசகங்களை எடுத்துவிடுங்கள். கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்தில் 1098 என்ற குழந்தைகள் உதவி எண் சுவரின் நடுவில் அரை நிமிடமாவது நிற்கட்டும். கூட்டத்தில் நிற்கும் ஒரு பெண் அதை மனப்பாடம் செய்ய அந்த நேரம் வேண்டும்.

மின்வெட்டுக்கு யுபிஎஸ் கட்டாயம். சுவர் என்ன நிறம் என்று எழுதுங்கள். அடர்நிறம் என்றால் அகலத்தை இன்னும் குறைக்க வேண்டியிருக்கும்.