உஸ்பெக் ஜிஹாதிகள் ஏன் எப்போதும் அடுத்தவர் நாட்டுப் போரில் இருக்கிறார்கள்?

சொந்த ஊரில் இடமில்லை, அவ்வளவுதான். 1991-இல் உஸ்பெகிஸ்தானின் பெர்கானா பள்ளத்தாக்கிலுள்ள நமங்கான் நகரில் தாஹிர் யுல்தாஷேவும் ஜுமா நமங்கானியும் இஸ்லாமிய ஆட்சி கேட்டுக் கிளம்பினார்கள். அதிபர் கரிமோவ் அடக்கியதும் தஜிகிஸ்தானுக்கு ஓடி, அங்கிருந்த உள்நாட்டுப் போரில் இறங்கினார்கள். (நமங்கானி சோவியத் சிப்பாயாக ஆப்கானிஸ்தானில் இருந்தவர். அதே மண்ணில் தாலிபானுக்காகச் சண்டையிட்டு 2001-இல் இறந்தார்.) 1998-இல் ஆப்கானிஸ்தானில், தாலிபான் நிழலில் இவர்களின் 'உஸ்பெகிஸ்தான் இஸ்லாமிய இயக்கம்' பிறந்தது. மறு வருடமே கிர்கிஸ்தானின் பாட்கென் மலைகளில் நான்கு ஜப்பானியப் புவியியலாளர்களைப் பிணையாகப் பிடித்தது.

2001-இல் ஆப்கானிஸ்தானுக்கு அமெரிக்கப் படை வந்ததும் மிஞ்சியவர்கள் பாகிஸ்தானின் தெற்கு வஜீரிஸ்தானில் ஒதுங்கினார்கள். அப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. விருந்தாளிகள் வீட்டுக்காரர் மேலேயே கை வைக்க, 2007-இல் உள்ளூர் தாலிபான் தளபதி முல்லா நசீரின் ஆட்கள் அவர்களை அங்குள்ள வானா நகரிலிருந்து அடித்து விரட்டினார்கள். யுல்தாஷேவ் 2009-இல் ட்ரோன் தாக்குதலில் இறந்தார். 2014-இல் கராச்சி விமான நிலையத் தாக்குதலில் இயக்கத்துக்குப் பங்கு உண்டு. 2015-இல் இயக்கம் ஐஎஸ் (இஸ்லாமிய அரசு) பக்கம் சாய்ந்தபோது, ஆப்கானிஸ்தானின் சாபுல் மாகாணத்தில் பழைய புரவலரான தாலிபானே அதை நசுக்கியது.

சிரியா தனிக் கதை. அங்கே உள்நாட்டுப் போரில் இமாம் புகாரி படை, தவ்ஹீத் வல் ஜிஹாத் படை என வேறு உஸ்பெக் அணிகள் சண்டையிட்டன. ரஷ்யாவுக்குக் கூலி வேலைக்குப் போய், அங்கே ஆள்பிடிப்பவர்களிடம் சிக்கியவர்களும் இவர்களில் உண்டு.